போன் குரல் 8 பிட்டுக்குள் அடங்குவது எப்படி? 'சமமில்லாத படி' தந்திரமும் அதன் விலையும்

பெர்மாஸ் ஜெயாவில் உங்கள் வீட்டு வரவேற்பறையில் 07 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசி இன்னும் இருக்கலாம். பாட்டி அதில்தான் பேசுவார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பாவை அழைக்க 02 போட்டு, பிறகு அவர் எண்ணை அழுத்துவார்.

செனிபோங் கரையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் தெரிகிற ஊர்தான். ஆனாலும் பாட்டி முதல் இரண்டு நிமிஷம் கத்துவார். பிறகு பக்கத்து வீட்டு விஷயம் வந்ததும் குரல் இறங்கி, முணுமுணுப்பாகிவிடும். கத்தினதும் முணுமுணுத்ததும் சித்தப்பாவுக்கு ஒரே மாதிரி தெளிவாகப் புரியும்.

இதில் என்ன அதிசயம்னு கேட்கிறீர்களா? வழக்கமான டிஜிட்டல் தொலைபேசிக் கட்டமைப்பில் குரலின் ஒவ்வொரு துளிக்கும் கிடைப்பது வெறும் 8 பிட். அதாவது 256 அளவுகள் மட்டுமே. அந்த 256-ஐ நேர்மையாகச் சமமாகப் பிரித்திருந்தால் பாட்டியின் முணுமுணுப்பு மறுமுனைக்கு வெறும் கரகரப்பாகத்தான் போயிருக்கும்.

சமமாகப் பிரிக்காததால்தான் புரிகிறது. அந்தத் தந்திரம் எப்படி வேலை செய்கிறது, அதற்கு நாம் எங்கே விலை கொடுக்கிறோம் என்பதைப் பார்ப்போம்.

முதலில்: குரல் எப்படி எண்ணாகிறது?

உங்கள் குரல் ஓர் அலை. மைக் அதை மின்னழுத்தமாக மாற்றுகிறது. இது அனலாக், மேலும் கீழுமாக எந்த இடைவெளியும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை எண்ணாக்க இரண்டு வேலைகள் நடக்கின்றன.

• ஒரு விநாடிக்கு 8,000 முறை அலையின் உயரத்தை அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி.
• அளந்த உயரத்தை, ஏற்கெனவே குறித்து வைத்த படிகளில் மிக நெருக்கமான படிக்குச் சுற்றிவிட வேண்டும். அந்தப் படியின் எண்தான் அனுப்பப்படும்.

இரண்டாவது வேலையில்தான் பிழை நுழைகிறது. உண்மையான உயரத்துக்கும் சுற்றிவிட்ட படிக்கும் இடையே உள்ள வித்தியாசம், காதுக்கு இரைச்சலாகக் கேட்கும். படி பெரிதாக இருந்தால் இரைச்சலும் பெரிது.

5 சென் கணக்கு

இதை நீங்கள் தினமும் கடையில் பார்க்கிறீர்கள். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சுற்றிவிடப்படுகிறது. 1 ரிங்கிட் 2 சென் என்றால் 1 ரிங்கிட். 1 ரிங்கிட் 3 சென் என்றால் 1 ரிங்கிட் 5 சென்.

500 ரிங்கிட் 2 சென் பில்லில் அந்த 2 சென் போனால் யாருக்கும் கவலை இல்லை. ஆனால் மொத்த பில்லே 12 சென் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10 சென் ஆகிவிட்டால், ஆறில் ஒரு பங்கு காணாமல் போச்சு!

பிழை இரண்டு இடத்திலும் அதே 2 சென்தான். பெரிய தொகைக்கு அது தூசு, சின்னத் தொகைக்கு அது பெரிய அடி. படிகள் எல்லாம் சமமாக இருந்தால் குரலுக்கும் இதே கதிதான். கத்தும்போது தேவைக்கு மேல் துல்லியம் கிடைக்கும், முணுமுணுக்கும்போது தேவையான துல்லியம் கிடைக்காது.

நம் காதும் வித்தியாசத்தை விகிதமாகத்தான் உணர்கிறது. அமைதியான அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். பாசார் மாலாமில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. சத்தம் அதிகமாக இருக்கும்போது சின்னப் பிழையைக் காது கண்டுகொள்வதில்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

படிகளைச் சமமில்லாமல் வைக்கலாம். சன்னமான ஒலி இருக்கும் இடத்தில் நெருக்கமான சின்னப் படிகள். பலத்த ஒலி இருக்கும் இடத்தில் அகலமான பெரிய படிகள்.

மலேசியாவும் சிங்கப்பூரும் பயன்படுத்தும் முறைக்கு ஏ-லா என்று பெயர். அலையின் உச்ச உயரத்தை 4,096 என்று வைத்துக்கொண்டால், ஏ-லா அதை இப்படிப் பிரிக்கிறது:

• 0 முதல் 63 வரை: ஒவ்வொரு படியும் 2
• 64 முதல் 127 வரை: படி 4
• 128 முதல் 255 வரை: படி 8
• 256 முதல் 511 வரை: படி 16
• 512 முதல் 1,023 வரை: படி 32
• 1,024 முதல் 2,047 வரை: படி 64
• 2,048 முதல் 4,095 வரை: படி 128

கூட்டிப் பார்த்தால் மேல்பக்கத்துக்கு 128 படிகள். கீழ்ப்பக்கத்துக்கும் அதே அளவு. மொத்தம் 256.

இப்போ பங்கீட்டைக் கவனியுங்கள். 128 படிகளில் 112 படிகள் உயரத்தின் முதல் பாதிக்கே போய்விடுகின்றன. அடுத்த பாதி முழுவதற்கும் வெறும் 16 படிகள்.

ஒரு சின்னக் கணக்கு

சமமான படிகள் வைத்தால், 4,096-லிருந்து மைனஸ் 4,096 வரை உள்ள தூரத்தை 256 பங்காக்க வேண்டும். ஒவ்வொரு படியும் 32. அதிகபட்சப் பிழை 16.

பாட்டி முணுமுணுக்கும்போது அலையின் உயரம் 20 என்று வைப்போம். சமமான படியில் அந்த முழு அலையும் இரண்டே இரண்டு படிக்குள் விழுந்துவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று. குரலின் வடிவமே போய்விட்டது. ஏ-லாவில் அதே அலைக்கு மேலும் கீழுமாகச் சுமார் 20 படிகள் கிடைக்கும். அதிகபட்சப் பிழை 1.

அவர் கத்தும்போது உயரம் 3,000 ஆகிறது. சமமான படியில் பிழை அதிகபட்சம் 16, அதாவது அரை சதவீதம். ஏ-லாவில் பிழை 64 வரை போகலாம், கிட்டத்தட்ட 2 சதவீதம். இங்கே ஏ-லா தோற்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தில் அந்தப் பிழை உங்களுக்குக் கேட்காது.

பொறியாளர்கள் இதை டெசிபெல்லில் சொல்வார்கள். உச்ச ஒலியில், சமமான 8 பிட் முறையில் குரல் இரைச்சலைவிடச் சுமார் 50 டெசிபெல் மேலே நிற்கும். ஏ-லாவில் சுமார் 38 மட்டுமே. ஒலியை 40 டெசிபெல் குறைத்தால், சமமான முறை சுமார் 10-க்கு விழுந்துவிடும். ஏ-லா சுமார் 34-ல் நிற்கும்.

மேலே 12 டெசிபெல்லை விட்டுக்கொடுத்து, கீழே 24 டெசிபெல்லைச் சம்பாதிக்கும் வியாபாரம் இது.

நேரா 13 பிட் அனுப்பினால் என்ன?

நல்ல கேள்வி. ஏ-லா கீழ்மட்டத்தில் தரும் நுணுக்கத்தைச் சமமான படிகளால் எட்ட வேண்டும் என்றால், அடையாளக் குறியையும் சேர்த்து 12, 13 பிட் வேண்டும். அனுப்பலாம். ஆனால் செலவு?

விநாடிக்கு 8,000 மாதிரி, ஒவ்வொன்றும் 8 பிட் என்றால் ஓர் அழைப்புக்கு விநாடிக்கு 64,000 பிட். ஐரோப்பாவும் நம்மைப் போன்ற பல நாடுகளும் பயன்படுத்திய ஈ1 என்ற இணைப்பில், விநாடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட் ஓடும். அதில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம்.

அதே இடத்தில் 13 பிட் குரலைப் போட்டால் 18 பேர்தான் பேச முடியும். மீதி 12 பேருக்கு இன்னொரு கேபிள் இழுக்க வேண்டும். கடலுக்கடியிலும் மலை மேலும் கேபிள் போட்ட காலத்தில், ஒவ்வொரு பிட்டும் பணம். பில்லைக் கட்டியது நம் தாத்தா பாட்டிதான்.

யார் தொடங்கியது?

குரலை எண்ணாக்கி அனுப்பும் யோசனையை 1937-ல் முன்வைத்தவர் அலெக் ரீவ்ஸ். பாரிஸில் வேலை பார்த்த பிரிட்டிஷ் பொறியாளர். அன்றைய வால்வுகளில் அதை மலிவாகச் செய்ய முடியவில்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் காரியம் நடந்தது.

1962-ல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் டி1 என்ற இணைப்பைத் தொடங்கியது. அதில் 24 அழைப்புகள் போகும். ஒலியைச் சுருக்க டயோடுகளைப் பயன்படுத்தினார்கள். அனுப்பும் முனையில் பலத்த ஒலியை அமுக்குவது, வாங்கும் முனையில் அதே அளவுக்கு விரிப்பது. இதற்குக் கம்பாண்டிங் என்று பெயர்.

சிக்கல் என்னன்னா, டயோடு சூடானால் அதன் குணம் மாறும். இரண்டு முனைகளிலும் உள்ள டயோடுகள் துல்லியமாகப் பொருந்தாவிட்டால், அமுக்கியதும் விரித்ததும் சரியாக ஒத்துப்போகாது. குரல் கோணலாகும். அதனால்தான் வளைவான கோட்டுக்குப் பதிலாக, மேலே பார்த்தது போல் நேர்க்கோட்டுத் துண்டுகள் வந்தன. ஒவ்வொரு துண்டிலும் படி இரட்டிப்பாகும். எளிய டிஜிட்டல் சுற்றால் பிசகாமல் செய்துவிடலாம்.

1972-ல் இது ஜி.711 என்ற சர்வதேசத் தரமானது. அதில் இரண்டு முறைகள் இடம்பெற்றன.

• ஏ-லா: ஐரோப்பா, மலேசியா, சிங்கப்பூர், இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகள்
• மியூ-லா: அமெரிக்கா, கனடா, ஜப்பான்

மியூ-லா மிகச் சன்னமான ஒலியில் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. அதில் பூஜ்ஜியத்துக்கென்று ஒரு படியும் உண்டு. ஏ-லாவில் பூஜ்ஜியப் படியே கிடையாது. யாரும் பேசாதபோதும் அது மிகச் சிறிய பிளஸ் அல்லது மைனஸைத்தான் அனுப்பும். பதிலுக்கு, நடுத்தர, பலத்த ஒலிகளில் ஏ-லா சற்று மேல்.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் அழைப்புக்கு மாற்றம் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஏ-லா. தோக்கியோவுக்கு அழைத்தால் ஒரு மாற்றம் தேவை. விதிப்படி அந்த மாற்றத்தைச் செய்வது மியூ-லா நாட்டின் பொறுப்பு.

சரி, விலை எங்கே கொடுக்கிறோம்?

1. பலத்த ஒலியில் துல்லியம் போகிறது

பேச்சுக்கு இது பரவாயில்லை. இசைக்கு ஆகாது. உறுமி மேளம் அதிரும்போது கூடவே சன்னமாக ஒரு நாதஸ்வரம் இழைந்தால், பெரிய படிகளின் பிழை அந்தச் சன்ன ஒலியை விழுங்கிவிடும். சிடி இசை 16 பிட் சமமான படிகளைப் பயன்படுத்துவது சும்மா இல்லை.

2. கணக்குப் போட முடியாது

கான்ஃபரன்ஸ் காலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு அலைகளையும் கூட்ட வேண்டும். 64 உயரமும் 64 உயரமும் சேர்ந்தால் 128.

ஏ-லாவில் 64-க்கான படி எண் 32. 32-ஐயும் 32-ஐயும் கூட்டினால் 64. அந்த 64-ஆம் படிக்குரிய உயரம் 256! விடை இரண்டு மடங்கு தப்பு. அதனால் முதலில் சமமான எண்ணாக விரித்து, கூட்டி, மறுபடி சுருக்க வேண்டும். ஒலியைக் கூட்டுவது, குறைப்பது, எதிரொலியை நீக்குவது எல்லாவற்றுக்கும் இதே சுற்று வழிதான்.

3. மாற்றும்போது தேய்கிறது

ஏ-லாவை மியூ-லாவாக்கினால் படிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒருமுறை என்றால் காதுக்குத் தெரியாது. பல முறை மாறி மாறி நடந்தால் இரைச்சல் கூடும்.

4. அளவீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்

தண்ணீர்த் தொட்டி மட்டம் போன்றவற்றுக்கு எல்லா இடத்திலும் ஒரே துல்லியம் வேண்டும். அங்கே சமமான படியே சரி. வெளிச்சம், கதிர்வீச்சு போல ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு மாறும் அளவுகளுக்குத்தான் சமமில்லாத படி லாபம்.

அப்பா காலத்து 1515

உங்கள் அப்பா அம்மாவிடம் 1515 என்றால் என்ன என்று கேளுங்கள். சிரிப்பார்கள். டிஎம்நெட் இணையத்துக்குப் போக மோடம் அழைத்த எண் அது. கீச் கீச் என்று கத்திவிட்டு இணைப்பு வரும். யாராவது போனைத் தூக்கினால் போச்சு.

அந்த மோடத்தின் வேகத்தைத் தீர்மானித்ததில் இந்தப் படிகளுக்கும் பங்கு உண்டு. மோடம் அனுப்பும் ஒலி, தொலைபேசி நிலையத்தில் 256 படிகளுக்குள் சுற்றிவிடப்படும். அந்தப் பிழை இரைச்சலாகி வேகத்துக்குத் தடை போட்டது. பேச்சுக்கு நல்லது செய்த ஏற்பாடு, தரவுக்கு முட்டுக்கட்டையானது. வேகம் விநாடிக்கு 33,600 பிட்டோடு நின்றது.

பிறகு பொறியாளர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். இணையச் சேவை நிறுவனம் ஏற்கெனவே டிஜிட்டலில்தானே இணைந்திருக்கிறது? அது நேரடியாக அந்தப் படிகளையே எழுத்துக்களாக அனுப்பினால், அந்தத் திசையில் சுற்றிவிடும் பிழையே வராது. ஆனால் பூஜ்ஜியத்துக்கு அருகிலுள்ள படிகள் மிக நெருக்கமானவை. வீட்டுக் கம்பியின் இரைச்சலில் அவற்றைப் பிரித்தறிய முடியாது. அவற்றை விட்டுவிட்டு 8 பிட்டில் 7 பிட் அளவுக்குப் பயன்படுத்தினார்கள்.

7-ஐ 8,000-ஆல் பெருக்குங்கள். 56,000. '56கே மோடம்' என்ற பெயர் வந்த கதை இதுதான்.

பதிவிறக்கத்துக்கு மட்டும்தான் அந்த வேகம். உங்கள் வீட்டிலிருந்து போகும் திசையில் அனலாக்-டிஜிட்டல் மாற்றம் இருந்ததால், 1998-ல் வந்த வி.90 தரத்திலும் பதிவேற்றம் பழைய வேகத்திலேயே நின்றது.

'எஸ்' என்றால் 'எஃப்' கேட்பது இதனாலா?

இல்லை. இது பலருக்கும் உள்ள குழப்பம். போனில் மின்னஞ்சல் முகவரி சொல்லும்போது "எஸ் ஃபார் சிங்கப்பூர்" என்று சொல்ல வேண்டியிருப்பது படிகளின் தவறல்ல.

தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே விடுகிறது. 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் கூரிய ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. எத்தனை பிட் கொடுத்தாலும் வெட்டி எறிந்தது திரும்ப வராது.

இன்றைய எச்டி குரல் அழைப்பு விநாடிக்கு 16,000 மாதிரி எடுத்து, 7,000 ஹெர்ட்ஸ் வரை அனுப்புகிறது. மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்ட பிறகு, 4ஜி வழியாகவே போகும் குரல் அழைப்புகள் முக்கியமாகிவிட்டன. ஆனால் அதே கைபேசியிலிருந்து பாட்டியின் வீட்டு எண்ணுக்கு அழைத்தால், பெரும்பாலும் பழைய 8 பிட் ஜி.711-க்கே இறங்க வேண்டியிருக்கும்.

இன்றைக்கும் இது எங்கே இருக்கிறது?

இன்று உங்கள் கைபேசியில் உள்ள மாற்றி சமமான படிகளையே பயன்படுத்துகிறது. 16 பிட் மாற்றி இப்போது மலிவு. சமமில்லாத படி வேண்டும் என்றால், அளந்த பிறகு மென்பொருளில் சுருக்கிக்கொள்கிறார்கள். யோசனை மட்டும் பல இடங்களில் வாழ்கிறது.

• புகைப்படம்: கேமரா சென்சார் ஒளியைச் சமமான படியில் அளக்கும். 8 பிட் படமாகச் சேமிக்கும்போது இருண்ட பகுதிக்கு அதிகப் படிகள் ஒதுக்கப்படும். கண்ணும் காதைப் போலத்தான்.
• செயற்கை நுண்ணறிவுக் குரல்: 2016-ல் டீப்மைண்ட் வெளியிட்ட வேவ்நெட், ஒலியை மியூ-லா முறையில் 256 படிகளாக்கித்தான் கற்றுக்கொண்டது. 65,536 சாத்தியங்களில் ஒன்றைக் கணிப்பதைவிட 256-ல் ஒன்றைக் கணிப்பது எளிது.

உங்கள் கையில் பழைய பதிவு இருந்தால்

இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. தாத்தாவின் குரல் பழைய அலுவலக அழைப்புப் பதிவில், அல்லது பதிலளிக்கும் கருவியில் இருந்து எடுத்த கோப்பில் இருக்கலாம். அது ஏ-லாவாகவோ மியூ-லாவாகவோ இருக்க வாய்ப்பு உண்டு.

ஏ-லா கோப்பை மியூ-லா என்று நினைத்துத் திறந்தால் குரல் முழுவதும் காணாமல் போகாது. அங்கேதான் ஆபத்து. குரல் கேட்கும், ஆனால் கோணலாக. யாரும் பேசாத இடங்களில்கூடக் கரகரப்பு. "பழைய பதிவு, அப்படித்தான் இருக்கும்" என்று நினைத்து அப்படியே எம்பி3-ஆகச் சேமித்துவிட்டு மூலத்தை அழித்தால், தாத்தாவின் குரலை நாமே கெடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

• மூலக் கோப்பை எப்போதும் அழிக்காதீர்கள். அதை வைத்திருந்தால் தவறாகத் திறந்ததைப் பிறகு சரிசெய்யலாம்.
• தகவல் தலைப்பு இல்லாத கோப்பு என்றால், ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் மூலத் தரவாக இறக்கி, இரண்டு முறைகளிலும் 8,000 ஹெர்ட்ஸில் கேட்டுப் பாருங்கள். இடைவெளிகள் அமைதியாக இருப்பதுதான் சரியானது.
• சரியாகத் திறந்த பிறகு 16 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஏ-லாவிலிருந்து 16 பிட்டுக்குப் போனால் எதுவும் இழக்காது.
• பைத்தானில் செய்கிறீர்களா? பழைய பாடங்களில் வரும் ஆடியோஆப் தொகுதி 3.13 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மேலே உள்ள படிப்பட்டியலை வைத்து விரிக்கும் நிரலை நீங்களே எழுதலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஏ-லாவில் ஒன்றுவிட்டு ஒரு பிட் தலைகீழாக்கி அனுப்பப்படும்.

சுருக்கமாக

சமமில்லாத படி எதையும் இலவசமாகத் தரவில்லை. 256 படிகள் 256-ஆகவேதான் இருந்தன. கத்தலிடமிருந்து எடுத்து முணுமுணுப்புக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பேச்சுக்கு அது சரியான பங்கீடு. இசைக்கும் மோடத்துக்கும் தவறான பங்கீடு.

அடுத்த முறை ஏதாவது ஒன்றை 8 பிட்டில் அடக்க வேண்டி வந்தால், 'எத்தனை படி?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்த இடத்தில் நெருக்கமாக வேண்டும்?' என்றும் கேளுங்கள். பாட்டி குரலைத் தாழ்த்திப் பேசும் விஷயம்தான் பெரும்பாலும் முக்கியமான விஷயம்.